சாப்பிடலாம் என்று சொன்ன மடிப்பு: ஒரு துண்டுப் பிரசுரத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு பரிசோதனை நிலையத்துக்காக நான் வடிவமைத்த துண்டுப் பிரசுரம் அது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் முதல் நாள் இரவிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வது அதன் வேலை. ஏ4 தாள், இரு பக்கமும் நான்கு வண்ணம், மூன்றாக மடித்தது. மருத்துவக் குறிப்புகளை நிலையத்தாரே இரண்டு முறை சரிபார்த்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும், அதைப் படித்த ஒரு பெரியவர் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார்.

"எப்ப சாப்பிட்டீங்க ஐயா?" என்று செவிலியர் கேட்டிருக்கிறார்.

"எட்டு மணிக்கு. வழக்கம்போல சாப்பிடலாம்னு இதுலயே போட்டிருக்கேம்மா."

பெரியவர் தாளை விரித்துக் காட்டினார். அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அது ரத்தம் கொடுத்த பிறகு செய்ய வேண்டியது. அந்த வாக்கியம் அவர் கண்ணில் முதலில் பட்டதற்குக் காரணம் எழுத்தும் இல்லை, அவருடைய கவனக்குறைவும் இல்லை. மடிப்புதான் காரணம். அந்த அச்சில் வேறு இரண்டு கோளாறுகளும் இருந்தன. மூன்றையும் பிரித்துப் பார்த்தபோது, மடிப்பைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தவற்றில் பாதி அரைகுறை என்று புரிந்தது. இந்தத் தொழிலில் புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

எந்தப் பக்கம் எப்போது தெரிகிறது

நாங்கள் எடுத்துக்கொண்டது சி மடிப்பு. கடித மடிப்பு என்றும் சொல்வார்கள். தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, வலது பத்தியை உள்ளே மடித்து, அதன் மேல் இடது பத்தியை மூடுவது. உலகெங்கும் துண்டுப் பிரசுரம் என்றவுடன் கை தானாகப் போகும் மடிப்பு இது.

திரையில் நான் வேலை செய்தபோது எனக்குத் தெரிந்தவை இரண்டு தட்டையான பக்கங்கள். உட்புறத்தில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை படிகள். வெளிப்புறத்தில் வலது ஓரத்தில் முகப்பு, நடுவில் பின்புறம், இடது ஓரத்தில் உள்ளே மடங்கிப் போகும் பத்தி. அந்தக் கடைசிப் பத்தியை உள்மடல் என்று வைத்துக்கொள்வோம். 'பரிசோதனைக்குப் பின்' என்ற தலைப்பை அங்கே வைத்தேன். 8 படிகளும் உட்புறத்தில் முடிந்துவிடுகின்றன, மிச்சம் இருப்பது வெளிப்புறத்தில் அந்த ஓரம்தான். வரிசை சரியாக இருப்பதாகவே தோன்றியது.

மடித்த தாளைக் கையில் எடுத்துத் திறந்து பாருங்கள். முகப்பை இடது பக்கமாகத் திறந்தால் முதலில் தெரிவது உட்புறம் முழுவதும் இல்லை. இடது கைப் பக்கம் உட்புறத்தின் முதல் பத்தி, அதாவது படிகள் 1 முதல் 3. அதன் வலது பக்கத்தில் இன்னும் மூடியபடி கிடக்கும் உள்மடலின் வெளிமுகம். இரண்டும் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள்போல ஒட்டி நிற்கின்றன. படிப்பவரின் கண் இயல்பாக இடத்திலிருந்து வலத்துக்குப் போகிறது. 'இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்' என்பது மூன்றாம் படி. அதற்கு நேர் வலப்பக்கம், 'வழக்கம்போல் சாப்பிடலாம்'. பெரியவர் இரவு பட்டினி கிடந்தார், காலையில் சாப்பிட்டார். தாள் சொன்ன வரிசைப்படியே நடந்துகொண்டார்.

4 முதல் 8 வரையிலான படிகள் உள்மடலுக்குப் பின்னால் இருந்தன. இன்னொரு முறை திறக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல அந்தத் தாளில் எதுவும் இல்லை.

சி மடிப்பில் உள்மடலின் வெளிமுகம் எப்போதும் வாசிப்பில் இரண்டாவதாக வருகிறது. முகப்பு, பிறகு உள்மடலும் உட்புறத்தின் முதல் பத்தியும் சேர்ந்து, அதன் பிறகே முழு உட்புறம், கடைசியில் பின்புறம். இந்த வரிசையை எழுத்தால் மாற்ற முடியாது. பெரிய எண்கள் போட்டோ, தலைப்பின் நிறத்தை மாற்றியோ சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மங்கிய பார்வையோடு, காத்திருப்பு அறையில், பதற்றத்தில் படிக்கிற ஒருவர் எண்ணைத் தேடிப் பார்ப்பார் என்று நம்பி மருத்துவக் குறிப்பைக் கொடுக்கக் கூடாது.

99, 99, 99

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. மூன்றால் வகுத்தால் 99. கணக்கு அழகாக வருவதால் எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்தேன்.

சி மடிப்பில் ஒரு பத்தி மற்ற இரண்டுக்கும் நடுவே போய் உட்கார வேண்டும். அதுவும் அதே அகலத்தில் இருந்தால் அதன் விளிம்பு எதிரே உள்ள மடிப்புக் கோட்டில் போய் முட்டும். முட்டினால் வளையும், மூலை மடங்கும், பிரசுரம் தட்டையாகப் படியாமல் வயிறு உப்பி நிற்கும். மடிப்பு இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் முதல் பத்துத் தாளிலேயே நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"மூணும் ஒரே அளவா இருக்கு தம்பி. உள்ள போறது முட்டுது."

அச்சு முடிந்துவிட்டது. தாளை வீணாக்காமல் காப்பாற்ற, அவர் இயந்திரத்தை 97, 100, 100 என்று மாற்றி வைத்து ஓட்டினார். மடிப்பு கச்சிதமாக விழுந்தது. ஆனால் அச்சில் இருந்த நிறங்களின் எல்லை 99-லும் 198-லும் நிற்க, மடிப்பு 97-லும் 197-லும் விழுந்தது. உள்மடலின் ஆரஞ்சு நிறம் 2 மி.மீ. அளவுக்குப் பின்புறத்தின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. பின்புறத்தின் வெள்ளை 1 மி.மீ. கீற்றாக நீல முகப்பின் இடது ஓரத்தில் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். அடர்நீலத்தின் ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு, சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டதுபோல உறுத்தியது. இது என் பிழை. இயந்திரத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

சரியான அளவு, வெளிப்புறத்தில் இடமிருந்து வலமாக 97, 100, 100. உட்புறத்தில் 100, 100, 97. தாளைப் புரட்டும்போது குறுகிய பத்தி எதிர் ஓரத்துக்குப் போய்விடுகிறது என்பதைக் கவனியுங்கள். வெளிப்புறத்துக்குப் போட்ட வழிகோடுகளை அப்படியே நகலெடுத்து உட்புறத்தில் ஒட்டுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு. கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல நேர்த்தியாக இருக்கும். மடித்த பிறகுதான் உட்புறப் பத்திகள் மடிப்பைத் தாண்டி நடப்பது தெரியும்.

ஏன் 1 மி.மீ. குறைத்தால் போதாது என்று கேட்பார்கள். ஓட்டத்தில் இயந்திரத்தின் மடிப்பு சற்று முன்பின் நகரும், வெட்டும் இயந்திரமும் தன் பங்குக்கு நகரும். மெல்லிய தாளுக்கு 2 மி.மீ. போதும். 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போன்ற கனமான தாளுக்கு 3 வேண்டும்.

வெள்ளைக் கீறல்

மூன்றாவது கோளாறு கண்ணுக்கு முதலில் தெரிந்தது, புரிய அதிக நேரம் எடுத்தது. முகப்பின் நீலம் மடிப்புக் கோட்டில் வெடித்து, உள்ளிருந்த வெள்ளை நார் தெரிந்தது. கையில் நாலு முறை திறந்து மூடினால் பொடியாக உதிர்ந்தது.

காகிதம் செய்யும்போது, கூழ் ஓடும் சல்லடையின் திசையில் நார்கள் பெரும்பாலும் வரிசையாகப் படிந்துவிடுகின்றன. இதை அச்சகத்தில் கிரெயின் என்பார்கள், இழை ஓட்டம் என்றும் சொல்லலாம். இழைக்கு இணையாக மடித்தால் நார்களுக்கு இடையில் தாள் வளைகிறது. இழைக்குக் குறுக்கே மடித்தால் நார்களையே வளைத்து முறிக்கிறோம். விறகை நீளவாக்கில் பிளப்பதற்கும் குறுக்கே ஒடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மேலே பூசிய பூச்சு வேறு இருக்கிறது. அதற்கு வளையும் தன்மை குறைவு, நார் முறியும் இடத்தில் அதுவும் வெடிக்கிறது. அதன் மேல் அடர்நிறம் இருந்தால் ஒவ்வொரு வெடிப்பும் வெள்ளையாகத் தெரியும்.

எங்கள் பிரசுரம் எஸ்ஆர்ஏ3 தாளில், அதாவது 320க்கு 450 மி.மீ. தாளில், இரண்டிரண்டாக அச்சானது. இரண்டு ஏ4 பக்கங்களை அதில் வைத்தால் ஒவ்வொன்றின் 210 மி.மீ. பக்கமும் தாளின் 450 பக்கத்துக்கு இணையாக வரும். மடிப்புக் கோடுகளும் 210 பக்கத்துக்கு இணைதான். ஆகவே இழை 450 வாக்கில் ஓடும் தாள், அதாவது லாங் கிரெயின், வேண்டும். வந்திருந்தது அதே எடை, அதே அளவு, அதே பளபளப்பு, ஆனால் இழை 320 வாக்கில். பொதியின் சீட்டில் 320-இன் கீழே ஒரு சிறு கோடு போட்டிருந்தது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

சீட்டு இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். தாளை இரு திசையிலும் கிழித்துப் பார்த்தால், இழை வாக்கில் ஓரளவு நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணலாகப் போகும். இரு திசையிலும் ஒரே அளவில் ஒவ்வொரு கீற்று வெட்டி ஒரு முனையைப் பிடித்து நீட்டினால், அதிகமாகத் தொங்குவது குறுக்கே வெட்டிய கீற்று. பூச்சில்லாத தாளின் ஒரு சிறு துண்டில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவினால் அது தானாகச் சுருளும், சுருளின் நீளம் இழையின் திசை. ஈரத்தில் நார் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, பருமனில்தான் ஊதுகிறது, அதனால்தான் இப்படிச் சுருள்கிறது. எனக்கு இந்த மூன்றாவது சோதனை மிகவும் பிடிக்கும். ஒரு தாளுக்குள் இருக்கும் ஒழுங்கு கண்முன்னே எழுந்து நிற்பதுபோல இருக்கும்.

வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படும் ஏ4 கட்டுகளில் பெரும்பாலும் இழை 297 வாக்கில்தான் ஓடும். அதை மூன்றாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கேதான் விழும். 80 ஜிஎஸ்எம் கடிதத் தாளில் அது பொருட்டில்லை.

150 ஜிஎஸ்எம்-ஐத் தாண்டும் பூச்சுத் தாளுக்கு இழை சரியாக இருந்தாலும் மடிப்பதற்கு முன் கிரீசிங் செய்வது நல்லது. ஒரு மழுங்கிய கம்பித் தகடு தாளை ஒரு பள்ளத்துக்குள் அழுத்தும். ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் மேடும் உருவாகும். இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வாய்க்கால் உட்புறம் வருமாறு மடிப்பதே கைக்கு இயல்பாகப் படும். ஆனால் மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும். அழுத்தியபோது உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்த நார்கள் அந்த மேட்டில் ஒதுங்கி நிற்க, வெளிப்புறப் பூச்சின் மேல் இழுவிசை குறைகிறது. மாற்றி மடித்தால், கிரீசிங் செய்தும் வெடிக்கும்.

வேறு எந்த மடிப்புகளைப் பார்த்தோம்

இரண்டாவது அச்சுக்கு முன் மாதிரிகள் செய்து மேசையில் பரப்பினோம். வரிசையான படிகளுக்கு இசட் மடிப்பே, அதாவது ஆங்கில Z எழுத்துபோல ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக மடிப்பதே, சரி என்று முதலில் நான் உறுதியாக இருந்தேன். ஒன்றும் ஒன்றுக்குள் போவதில்லை, அதனால் மூன்று பத்திகளும் 99 வைக்கலாம். திறக்கும்போது பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மாதிரியைக் கையில் எடுத்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. இசட் மடிப்பில் மூடிய நிலையில் முகப்பு தாளின் ஒரு முகத்திலும், பின்னால் தெரியும் பத்தி தாளின் மறுமுகத்திலும் இருக்கும். அதாவது உட்புறத்தின் கடைசிப் பத்தி, மூடியிருக்கும்போதே முதுகில் வெளியே தெரியும். பிரசுரத்தை எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர் 7, 8-ஆம் படிகளை முதலில் படிப்பார். பழைய பிழை வேறு வாசல் வழியாக வந்திருக்கும். கிரீசிங்கிலும் ஒரு வேலை கூடும். சி மடிப்பின் இரண்டு மடிப்புகளும் ஒரே பக்கம் வளைவதால் ஒரே முகத்திலிருந்து அழுத்தினால் போதும். இசட்டில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வளைவதால் ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் அழுத்த வேண்டும்.

முகவரிக் கண்ணாடி வைத்த உறையில் போடும் கடிதத்துக்கு, மூடியிருக்கும்போதே ஒரு பத்தி வெளியே தெரியும் இந்தக் குணம்தான் வரம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட கடிதத்தைச் சி வாக்கில் மடித்தால் எழுத்து முழுவதும் உள்ளே போய்விடும். இசட் வாக்கில் மடித்தால் மேல் மூன்றில் ஒரு பங்கு, முகவரியோடு, வெளியே நிற்கும். 110க்கு 220 மி.மீ. அளவுள்ள டிஎல் உறைக்குள் 99க்கு 210 அளவில் மடித்த ஏ4 சரியாக அடங்கும்.

கேட் மடிப்பு என்பது இரட்டைக் கதவு. இரு ஓரப் பத்திகளும் நடுவில் வந்து சந்திக்கும். ஏ4-இல் 74, 149, 74 என்று வைத்தால் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடும். திறக்கும் தருணம் அழகானது, அழைப்பிதழுக்கும் புதிய பொருள் அறிமுகத்துக்கும் பொருந்தும். ஆனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், தாங்கியில் செருக முடியாது. இரு கதவுகளையும் சேர்த்து ஒரு படம் போட்டால் நடுவில் பொருந்தாமல் போகும் வாய்ப்பு அதிகம். நடுவிலும் ஒரு மடிப்பு வேண்டுமென்றால், தட்டு மடிப்பு இயந்திரத்தில் அதற்கென்று தனித் தட்டு பொருத்த வேண்டும்.

நான்கு பத்தி கொண்ட சுருள் மடிப்பில் 100, 100, 98, 96 என்று உள்ளே போகப் போகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எங்கள் உள்ளடக்கத்துக்கு அது தேவைப்படவில்லை. இரட்டை இணை மடிப்பு, அதாவது பாதியாக மடித்து அதே திசையில் மீண்டும் பாதியாக மடிப்பது, பட்டியல்களுக்கும் கால அட்டவணைகளுக்கும் நன்றாக அமையும். அதிலும் உள்ளே போகும் இரண்டு பத்திகளைச் சிறிது குறைக்க வேண்டும்.

குறுக்கு மடிப்பை நிலையத்தார் விரும்பினார்கள். ஒரு முகத்தில் மட்டும் அச்சிட்ட தாளைப் பாதியாக மடித்து, பிறகு செங்கோணத்தில் இன்னொரு முறை பாதியாக மடித்தால் நான்கு பக்க அட்டைபோல நிற்கும். ஒரு மடிப்பு இழைக்கு இணையானால் மற்றது குறுக்கேதான் விழும், அதைத் தவிர்க்க வழியே இல்லை. தாள் கனமாக இருந்தால் இரண்டு மடிப்பும் சந்திக்கும் மூலையில் சுருக்கமும் விழும். 170 ஜிஎஸ்எம் தாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வரைபடங்களும் பொறியியல் வரைதாள்களும் வேறு உலகம். ஏ0 தாள் 841க்கு 1189 மி.மீ. அதை ஏ4 அளவுக்கு மடிக்கும் முறையை ஜெர்மனியின் டிஐஎன் 824 தரம் வகுத்திருக்கிறது. எவ்வளவு மடித்தாலும் கீழ் வலது மூலையில் உள்ள தலைப்புக் கட்டம் மேலே தெரிய வேண்டும், கோப்பிலிருந்து எடுக்காமலேயே விரிக்க முடிய வேண்டும் என்பதுதான் அதன் உயிர். படிப்பவரின் கை எங்கே தொடங்கும் என்பதிலிருந்து மடிப்பை யோசித்தவர்கள் அவர்கள்.

இரண்டாவது அச்சு

கடைசியில் சி மடிப்பிலேயே நின்றோம். தாளின் 170 ஜிஎஸ்எம் கனத்தை மாற்றவில்லை, மெல்லிய தாள் தாங்கியில் தலை சாய்ந்துவிடும். வழவழப்பு லேமினேஷன் வெடிப்பைத் தடுக்கும்தான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் போட்டால் தாள் சுருளும், இரு பக்கமும் போட்டால் அதில் பேனாவால் தேதி எழுத முடியாது. செவிலியர்கள் வருகைத் தேதியைக் கையால் எழுதித் தருகிறார்கள். ஆகவே அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மாற்றியது உள்ளடக்கத்தின் இடத்தை. உள்மடலின் வெளிமுகத்தை எதிரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, அங்கே எது இரண்டாவதாகத் தெரிந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டோம். 'ரத்தம் கொடுக்கும் வரை சாப்பிட வேண்டாம்' என்பதைப் பெரிய எழுத்தில் அங்கே வைத்தோம். கீழே செவிலியர் எழுத இரண்டு வெற்றுக் கோடுகள்: கடைசியாகச் சாப்பிட வேண்டிய நேரம், வர வேண்டிய நேரம். வலது விளிம்பில் ஓர் அம்புக்குறியும் 'இதையும் திறக்கவும்' என்ற வரியும். 'பரிசோதனைக்குப் பின்' பகுதி பின்புறத்துக்குப் போனது, தெளிவான தலைப்போடும் தனி நிறத்தோடும்.

மடிப்புக் கோட்டின் இரு பக்கமும் 10 மி.மீ. வெளிர்நிறம் மட்டும். அடர்நீலம் முகப்பின் நடுவில் ஒரு பட்டையாகச் சுருங்கியது. இழை சரியான தாள், ஒரே முகத்திலிருந்து கிரீசிங், மேடு உள்ளே. அளவு 97, 100, 100.

கோப்பை அச்சுக்கு அனுப்பும் முன் அதே 170 ஜிஎஸ்எம் தாளில், வெட்டி மடித்து, தலைப்புகளை மட்டும் பேனாவால் எழுதி ஒரு டம்மி செய்தேன். நிலையத்தில் பிரசுரத்தை முன்பின் பார்க்காத மூன்று பேரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை, கை போகும் வழியை மட்டும் பார்த்தேன். ஓர் அம்மா முகப்பைத் திறந்தார், உள்மடலில் நின்றார், விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே, "இதுல யாரு எழுதித் தருவாங்க?" என்று கேட்டார்.

மடிப்பு இயந்திரத்துக்கு அந்த டம்மியையே அனுப்பினேன். அண்ணன் அதை வேலைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி, இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டிவிட்டு, முதல் தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தார். ஓரங்கள் பொருந்தின. இரண்டு முறை திறந்து மூடி, மடிப்பில் நகத்தால் தேய்த்தார். நிறம் உதிரவில்லை.